அரிதாரம் பூசும் முன்



நடிப்பைத் தொழிலாக மேற்கொள்ள விரும்பும் இளைஞர் எதிர்கொள்ள வேண்டிய இடர்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் நடிகன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியிலே தமிழ் கற்பித்து, அவற்றுள் இறுதிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும், ஆண்டு விழா நெருங்கிவிட்டால் நாடகம் எழுதுவதும், பிள்ளைகளைப் பழக்குவதும், வகுப்பறை பெஞ்சுகளை அடுக்கி மேடை கட்டுவதும் என் தலையில்தான் விழும். அந்த மேடையில் நின்று கைதட்டல் பெற்ற பிள்ளைகளுள் ஆண்டுக்கு ஒருவனேனும் என் அறைக்கு வந்து, “ஐயா, நான் நடிக்கப் போகலாம் என்று இருக்கிறேன்” என்பான். பெண் பிள்ளைகளும் சிலர் கேட்டதுண்டு. அவர்களுக்கு ஏதேனும் விடை சொல்லியாக வேண்டும் என்பதனாலேயே இப்பொருளைப் பற்றிப் படிக்கவும் பலரைக் கேட்டறியவும் தொடங்கினேன்.

இவ்வாறு கேட்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பது, “உனக்குத் திறமை இருக்கிறதா?” என்பதே. அது தேவையான கேள்விதான். ஆனால் முதற் கேள்வி அதுவன்று. திறமை இருந்தும் பாதி வழியிலே திரும்பியவர் மிகப் பலர். முதலில் கேட்கவேண்டியது வேறொன்று: “நடிக்க வேலை இல்லாத நாள்களில் நீ என்ன செய்வாய்?”

ஆசிரியனுக்குத் திங்கட்கிழமை காலை வகுப்பு உண்டு. மருத்துவருக்கு நோயாளி உண்டு. தச்சனுக்கு வேலை வராவிட்டாலும் உளியும் மரத்துண்டும் இருந்தால் தன் கையைத் தானே பழக்கிக்கொள்ளலாம். நடிகனுக்கோ கருவி அவன் உடலும் குரலும், அக்கருவி வேலை செய்ய எதிரே இன்னொரு நடிகன் வேண்டும், பார்ப்பவர் வேண்டும், பேசுவதற்கு யாரோ எழுதிய உரையும் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் அவன் கையில் இல்லை. நன்கு பெயர் பெற்ற நடிகனும் ஒரு படம் முடிந்த அன்று வேலையில்லாதவனே. புதிதாக வருபவனுக்கு இந்த வேலையற்ற நாள்கள் ஓரிரு வாரங்கள் அல்ல, ஆண்டுக்கணக்கில் நீளும்.

இந்தத் தொல்லையை நம் நாட்டு நாடக உலகம் ஒரு காலத்தில் ஒருவாறு தீர்த்துவைத்திருந்தது. அதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். இப்போதைய நிலையை அதனோடு ஒப்பிட்டால்தான் நன்கு விளங்கும்.

சங்கரதாஸ் சுவாமிகள் என்னும் பெரும் நாடகாசிரியர் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நடிகர் எல்லாரும் சிறுவர். தி. க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பின்னாளில் ‘ஔவையார்’ நாடகத்தில் ஆண்மகனாகிய அவர் மூதாட்டியாகவே நடித்து ‘ஔவை சண்முகம்’ என்று பெயர் பெற்றார் என்பதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அச்சிறுவனுக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். ம. கோ. இராமச்சந்திரன் தம் தமையனாரோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததும் சிறு வயதிலேதான். கலைமோகம் அன்று, வீட்டு வறுமை அவரை அங்கே சேர்த்தது. சிவாஜி கணேசனும் சிறுவனாகவே நாடகக் குழுவில் சேர்ந்து, சீதையாக வேடம் தாங்கித் தொடங்கியவர்.

அக்குழுக்களில் வாழ்க்கை எவ்வாறிருந்தது? உணவு உண்டு, உறங்க இடம் உண்டு, ஊர் ஊராகக் குழு செல்லும்போது பிள்ளைகளும் உடன் செல்வர். விடியலிலே பாட்டுப் பயிற்சி. பிறகு வசனப் பாடம். தன் வேடத்தை மட்டுமன்றிப் பிறர் வேடங்களையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவர். ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் மற்றொருவன் அன்றிரவே அவ்வேடத்தை ஏற்பான். ஆகவே அங்கே வேலையற்ற நாள் என்பது கிடையாது. நடிக்காத நாளும் கற்கும் நாளே.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையை நாம் மறைக்கக் கூடாது. பள்ளிப் படிப்புப் போயிற்று. தாய் தந்தையரைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் இருக்கவேண்டும். பிரம்படி உண்டு. நள்ளிரவு கடந்து நாடகம் முடியும். குழந்தைகள் உறங்கும் நேரம் அது அன்று. ஒரு பள்ளி ஆசிரியன் என்ற முறையில், அந்த ஏற்பாடு மீண்டும் வரவேண்டும் என்று நான் ஒருகாலும் சொல்லமாட்டேன்.

அங்கே மற்றோர் இடரும் இருந்தது. அதற்கு நாடகக்காரர் ‘மகரக்கட்டு’ என்று பெயரிட்டிருந்தனர். சிறுவன் வாலிபப் பருவம் எய்தும்போது குரல் உடைவதைக் குறிக்கும் சொல் அது. பாட்டை நம்பி நடந்த அந்நாடகங்களில் குரல் போயிற்றென்றால் வேடமும் போயிற்று. நேற்றுவரை ஊரே வியந்த பிள்ளை இன்று மேடைக்குப் பின்னால் எடுபிடி வேலை செய்ய நேரும். சிலருக்குக் குரல் வேறு வகையாகத் திரும்பி வந்தது. சிலருக்கு வரவே இல்லை. பதின்மூன்று வயதிலே தொழிலை இழப்பது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த மகரக்கட்டு இன்றும் வேறு உருவில் இருக்கிறது. குழந்தை நடிகராகப் புகழ் பெற்றவர் வளர்ந்தபின் என்ன ஆவார் என்பதே அது. கமல்ஹாசன் 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஐந்து வயதுச் சிறுவனாகத் தோன்றினார். சில ஆண்டுகளில் சிறுவன் என்றும் சொல்ல முடியாத, இளைஞன் என்றும் சொல்ல முடியாத பருவம் வந்தது, வேடங்கள் நின்றன. அவர் தி. க. சண்முகம் குழுவில் நாடகம் கற்றார். பிறகு திரைப்படங்களில் நடன ஆசிரியரின் உதவியாளராக வேலை பார்த்தார். தமிழில் ‘அபூர்வ ராகங்கள்’ வெளிவந்தது 1975-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் பாதியேனும் காத்திருந்த காலமே. ஆயினும் வெறுமனே காத்திருந்த காலம் அன்று. குழந்தை நடிகருக்கு இப்போது சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2017-இல் வந்த விதிகளின்படி ஒரு குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. இடையே ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வருவாயில் நூற்றுக்கு இருபது பங்கேனும் அக்குழந்தையின் பெயரில் வங்கியில் நிலை வைப்பாக இடவேண்டும். தம்பி தங்கையரை நடிக்க அனுப்பும் வீடுகளில் இருப்போர் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய பிறகு, மெல்ல மெல்ல நாடகக் குழுக்கள் கலைந்தன. நடிகர் திரைப்படத்துக்குச் சென்றனர். அங்கே நடிகனை வைத்துச் சோறு போட்டு வளர்க்கும் வழக்கம் நிலைக்கவில்லை. வேலை இருக்கும்போது கூலி. இல்லாதபோது அவன் பாடு அவனோடு. ம. கோ. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய ‘சதிலீலாவதி’ 1936-இல் வந்தது. கதைத் தலைவனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947-இல் வந்தது. இடையே பதினோர் ஆண்டுகள் சிறு சிறு வேடங்கள். சிவாஜி கணேசன் பத்தாண்டுக்கு மேற்பட்ட மேடைப் பழக்கத்தோடு 1952-இல் ‘பராசக்தி’க்கு வந்தார், அப்போதுங்கூட அவர் உடல் மெலிந்திருக்கிறது, வேறொருவரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. தயாரிப்பாளருள் ஒருவரான பி. ஏ. பெருமாள் உறுதியாக நின்றதனால் அவர் நிலைத்தார். அந்நன்றியை மறவாமல் சிவாஜி ஆண்டுதோறும் பொங்கலுக்கு வேலூர் சென்று அவரைக் கண்டு வந்தார்.

இங்கே உங்களை நான் சற்று எச்சரிக்க வேண்டும். இக்கதைகளைக் கேட்டு, “பதினோர் ஆண்டு பொறுத்தால் நானும் அவ்வாறு ஆகலாம்” என்று கணக்குப் போடாதீர்கள். பதினோர் ஆண்டு பொறுத்தும் ஒன்றும் ஆகாதவரின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. நமக்குக் கேட்கும் கதைகளெல்லாம் கரையேறியவர் கதைகளே. அவற்றிலிருந்து கற்கவேண்டியது, இடைக்காலத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டுமே.

இனி, என்னிடம் பயின்ற ஒரு மாணவனைப் பற்றிக் கூறுகிறேன். பெயர் வேண்டாம். விசைத்தறித் தொழிலாளியின் மகன். பன்னிரண்டாம் வகுப்பில் அரிச்சந்திரனாக நடித்தான். சுடுகாட்டுக் காட்சியில் முன்வரிசைத் தாய்மார் அழுததை நானே கண்டேன். வணிகவியல் பட்டம் பெற்றதும் சென்னை சென்றான். வடபழனியில் ஓர் அறையில் ஐவரோடு தங்கினான். ஐவரும் நடிகராக வந்தவரே. விதவிதமான உடையில் நிழற்படங்கள் எடுத்துக் கம்பெனி கம்பெனியாகக் கொடுத்தான். கைப்பேசியிலேயே நடித்துப் பதிவு செய்து அனுப்பினான். அனுப்பியதை எவரேனும் பார்த்தார்களா என்பதே தெரியவில்லை. “வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொன்னால் கூடத் தாங்கிக்கொள்ளலாம். விடையே வராத இந்த மௌனம்தான் ஆளைத் தின்கிறது என்றான்.

கூட்டக் காட்சிகளில் நிற்கப் போனான். விடியலில் அழைத்துச் செல்வர், வெயிலில் நிற்கவேண்டும், பேசிய கூலியில் இடைத்தரகர் பங்கு கழிந்து மீதி கைக்கு வரும். அதைக் குறையாக அவன் கூறவில்லை. அவன் வருந்தியது வேறொன்றுக்காக. ஒருவர், புதிய படத்துக்கு ஆள் எடுப்பதாகக் கூறி, அடையாள அட்டைக்கும் பயிற்சிக்கும் என்று இருபத்தையாயிரம் ரூபாய் வாங்கினார். தாயின் சங்கிலி அடகு கடைக்குச் சென்றது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது அந்த அலுவலகத்தில் வேறொருவர் தையற்கடை வைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, இதை ஒரு விதியாகவே கொள்ளுங்கள். நடிப்பதற்கு உங்களுக்குப் பணம் தருவார்களே ஒழிய, உங்களிடம் பணம் கேட்கமாட்டார்கள். கேட்பவர் படம் எடுப்பவர் அல்லர். பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் செலுத்துவது வேறு. வேடத்துக்கு விலை கொடுப்பது வேறு.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கொடிய இடர் ஒன்று உண்டு. அதை வானொலியில் மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வேடத்துக்குப் பணத்தைக் கேட்பவரைப் போலவே மானத்தைக் கேட்பவரும் உண்டு. கேரளத் திரைப்படத் துறையில் பெண்கள் படும் அல்லல்களை ஆராய 2017-இல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேராமல் காக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. படப்பிடிப்புக் களமும் பணியிடமே. நடிப்புத் தேர்வுக்குத் தனியே போகாதீர்கள். அலுவலகமல்லாத இடத்துக்கு அழைத்தால் போகவே வேண்டாம். இப்படி ஒன்று நேர்ந்தால் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். வீட்டில் அதைச் சொல்லும் மகளைப் பார்த்து, “அதற்குத்தான் போகாதே என்றேன்” என்று பேசும் பெற்றோர் அவள் வாயை அடைத்துவிடுகின்றனர். வேறு பயன் ஒன்றும் இல்லை.

மாணவன் கதைக்குத் திரும்புகிறேன். சங்கிலி போனபின் அவன் ஊருக்கு வந்து என்னைப் பார்த்தான். படிப்பு இருக்கிறது, கணக்கு எழுதத் தெரியும். பகலில் அந்த வேலையைச் செய், மாலையில் நாடகம் கற்றுக்கொள் என்றேன். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழி அன்று. நாகேஷ் இரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் நடித்தார். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், ஒல்லியான உடல், அக்காலத்து அழகு இலக்கணம் எதிலும் அடங்காதவர். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடங்களே வரும் வேடத்தைச் செய்து பாராட்டுப் பெற்றார். 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில், உணவு விடுதிப் பணியாள் ஒருவன் நடிகனாகும் கதையில் அவரே நடித்தார். வாய்ப்புக் கிடைத்தால் பார்த்துவிடுங்கள். நடிக்க விரும்புவோருக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் தமிழில் எளிதில் கிடைக்காது.

நம் காலத்தில் விஜய் சேதுபதியும் கணக்கராக வேலை பார்த்தவர், ந. முத்துசாமி 1977-இல் தோற்றுவித்த கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் அவர் முதலில் சேர்ந்தது கணக்கு எழுதத்தான். கதைத் தலைவனாக அவர் நடித்த ‘தென்மேற்குப் பருவக்காற்று’ 2010-இல் வந்தது. விக்ரம் 1990-இல் திரைக்கு வந்தும் 1999-இல் ‘சேது’ வரும்வரை நிலைபெறவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் பிற நடிகர்களுக்குக் குரல் கொடுத்தார். ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்காகப் பேசியவர் அவரே. தன் முகம் தோன்றாத இடத்தில் இன்னொருவர் வாயசைவுக்கு ஏற்பத் தன் குரலைப் பொருத்துவது எத்துணைப் பயிற்சி என்று எண்ணிப் பாருங்கள்.

குரல் என்றதும் தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடிக்க வருவோரில் பலர் உடலை வளர்க்க உடற்பயிற்சிக் கூடம் செல்கின்றனர். நாவைப் பழக்குவோர் குறைவு. ‘வாழை’யை ‘வாளை’ என்று சொல்பவன் அழும் காட்சியில் அழுதால் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலையில் அரைமணி நேரம் உரக்கப் படியுங்கள். செய்தித்தாளாக இருந்தாலும் சரி. இதற்குக் காசும் வேண்டாம். எவர் தயவும் வேண்டாம்.

முறையாகக் கற்க விரும்புவோர்க்கு இடங்கள் உள்ளன. தில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயராலேயே நிகழ்கலைப் பள்ளி இயங்குகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை உண்டு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் திருவிழாக் காலத்தில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தையும் ஒருமுறை விடிய விடிய இருந்து பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகையே இல்லாமல் மேடையிலே சந்தித்து வள்ளி திருமணத்தை நடத்திவிடுவர். படித்த நடிகர் பலருக்கு அத்துணிவு வராது. அவர்களுக்கும் மழைக்காலத்தில் வேலை இல்லை என்பது வேறு.

என் மாணவன் ஒரு துணிக்கடையில் கணக்கனாகச் சேர்ந்தான். மாலையில் ஒரு சிறு நாடகக் குழுவுக்குப் போனான். “ஐயா, மேடையில் சும்மா நிற்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஏழு மாதம் ஆயிற்று” என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் அவன் நடிகனாகக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. அரிச்சந்திரனாக நடித்தபோது கூட அவ்வாறு தோன்றவில்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு படத்தில் பேசும் வேடம் கிடைத்தது. படம் வெளியான அன்று, தந்தை தறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு கொட்டகைக்குச் சென்றார், அண்டை வீட்டாரும் சென்றனர், என்னையும் அழைத்திருந்தனர். படம் முடிந்தது. அவன் வரவே இல்லை. நீளம் கருதி அக்காட்சியை வெட்டிவிட்டார்களாம். அவனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியே வந்ததும் தந்தை ஒன்றும் பேசவில்லை. எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்து, “இன்னும் எத்தனை நாள் ஐயா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது. ஆயினும் அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மகனையும் தந்தையையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். வீட்டுக்கு மாதம் இவ்வளவு அனுப்புவது, அடகு நகையை மீட்பது, தங்கை திருமணத்துக்கு இவ்வளவு சேர்ப்பது என்று மூன்றை எழுதினோம். இம்மூன்றும் நடக்கும்வரை அவன் நடிப்பதை வீட்டார் தடுப்பதில்லை. இவற்றுள் ஒன்று தவறினால் மறுபடியும் உட்கார்ந்து பேசுவது. வயதை வைத்துக் கெடு விதிக்கத் தந்தை விரும்பினார். நான் வேண்டாம் என்றேன். முப்பது வயதானதும் விட்டுவிடு என்றால், இருபத்தொன்பதாம் வயதில் அவன் எந்த மோசக்காரனிடமும் சிக்குவான்.

இப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. சங்கிலி மீட்கப்பட்டுவிட்டது. குரல் கொடுப்பதில் ஓரளவு நிலையான வருவாய் வருகிறது. துணிக்கடைக் கணக்கையும் விடவில்லை. இரண்டு படங்களில் முகம் தெரிந்தது. ஒன்றில் காவலர், மற்றொன்றில் வீட்டுத் தரகர். சென்ற சித்திரையில் எங்கள் ஊருக்கு நாடகக் குழுவோடு வந்து, பள்ளி மைதானத்தில் ஒரு கிழவர் வேடத்தில் நடித்தான். நாற்பது நிமிடம் மேடையில் இருந்தான். பேசியது ஆறு வாக்கியம். அவன் தந்தை என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஆட்டம் முடியும்வரை அவர் எத்தனை நாள் என்று கேட்கவில்லை.